அடுப்பில் போன பட்டியல்

ஃபிர்யாலின் அடுப்புக்கு மாவு கொண்டுவருகிறவர்கள் விறகையும் கொண்டுவர வேண்டும். மாவு உன்னுடையது, நெருப்பும் உன்னுடையது, கை மட்டும்தான் என்னுடையது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். விறகு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வந்து சேர்வது அட்டைப்பெட்டி, அறுந்த செருப்பு, ஜன்னல் சட்டம், தொட்டிலின் கால். ஒருமுறை கான் யூனிஸில் இருந்த ஒரு பல் டாக்டரின் பெயர்ப்பலகையே வந்தது. நன்றாகக் காய்ந்த பலகை, இருபது ரொட்டி சுட்டது. எது வந்தாலும் அவள் கேள்வி கேட்பதில்லை. எரியுமா என்று மட்டும் பார்ப்பாள்.

அபசான் ஊர்க்காரி, ஐம்பத்தொரு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும். ரொட்டியைத் திருப்பிப் போடுவதற்குள் அது ஆறியும்விடும். ஊரில் கோதுமை நிலமும் கத்தரித் தோட்டமும் இருந்தன. போரில் அதையெல்லாம் விட்டு வந்தாயிற்று, இப்போது மவாஸிக் கடற்கரை மணலில் ஒரு கூடாரம் இருக்கிறது. அதில் அவளும் கணவர் அபு சுஹைபும் இரண்டு பெண்களும். வந்த முதல் வாரம் எல்லாரும் கூடாரத்துக்குக் கயிறு தேடி அலைந்தபோது இவள் களிமண் தேடினாள். கணவர் ஒரு கழுதை வண்டியைப் பிடித்துக் கிழக்கே போய் மூன்று மூட்டை மண் கொண்டுவந்தார். வைக்கோல் கிடைக்கவில்லை. கிழிந்த மெத்தையின் பஞ்சைப் பிய்த்துக் கலந்து மிதித்தாள். அந்த அடுப்பு முதல் மழையிலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது அடுப்பின் மேல் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து ஏறியது. இப்போது இருப்பது மூன்றாவது.

முகாமில் அறுபத்தொரு கூடாரங்கள். காலையில் பெண்கள் மாவை உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். உருண்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கூடாரத்து ரொட்டி இன்னொரு கூடாரத்துக்குப் போனால் அன்று முழுக்க முகாமில் அமைதி இருக்காது. ஆகவே ஃபிர்யாலுக்கு ஒவ்வொரு தட்டும் மனப்பாடம். நீல விளிம்பு என்றால் ஏழு உருண்டை. நெளிந்த அலுமினியம் என்றால் நாலு. பூப்போட்ட தட்டு என்றால் பதினொன்று. மாவுக்குத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து ஆளுக்கு ஒரு ரொட்டி என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. தட்டில் எத்தனை உருண்டையோ கூடாரத்தில் அத்தனை வாய். சில நாள் ஏழு வருகிற தட்டில் ஆறு வரும். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், ஆறையும் சுட்டுக் கொடுப்பாள்.

ஜூலையில் அவளுடைய தட்டிலேயே ஐந்து நாலாயிற்று. மூத்தவன் சுஹைப் மாவு லாரி வருகிற சாலைக்குப் போனான். அங்கே சிப்பாய்கள் சுட்டார்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் கழுதை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டியில் ஒரு மாவு மூட்டையும் இருந்தது, அது வேறு யாருடையதோ. நாலாம் நாள் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லை என்பதில் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம்தான். மூத்த மகன் பெயரோடு சேர்த்துத்தான் தகப்பனை அபு என்றும் தாயை உம்மு என்றும் கூப்பிடுவார்கள். மகன் போனாலும் அந்தப் பெயர் போவதில்லை. "உம்மு சுஹைப், என் தட்டு ஆச்சா?" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்கிறார்கள். அறுபது தடவையும் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த வாரமே, மாவுப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கச் சொன்னாள்.

"இல்லாதவன் பேர்ல மாவு வாங்கித் தின்ன எனக்குத் தொண்டை இல்ல."

"அடிச்சிட்டேன்" என்றார் அபு லுவை.

அபு லுவைதான் முகாமின் பொறுப்பாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரிடம் பேனா இருந்தது. முன்பு நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. அந்தக் காலத்தில் அவர் கதவைத் தட்டினால், உள்ளே ஆள் இருந்துகொண்டே ஆள் இல்லை என்று பதில் வரும். இப்போது ஆள் இல்லாத கூடாரத்திலிருந்தும் ஒன்பது பேர் இருக்கிறோம் என்று பதில் வருகிறது. இரண்டையும் ஒரே முகத்தோடு எழுதிக்கொண்டவர் அவர். அவருடைய முதல் பட்டியலில் அறுநூற்று முப்பது பேர் இருந்தார்கள். சண்டை போட்டுச் சண்டை போட்டு நானூற்றுச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஜனவரி மழையில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்து நோட்டுப் புத்தகம் கூழானபோது, எண்ணெய் டின்கள் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, உட்புறத்தில் எல்லாப் பெயரையும் எழுதிக் கூடாரக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஃபோனில் ஒரு படம் எடுத்து வைக்கக் கூடாதா என்று கேட்டவர்களிடம் ஃபோனைக் காட்டினார். அது பல நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காற்று அந்த அட்டையைக் கழற்றிக் கீழே தள்ளியது. அபு லுவை தண்ணீர் வரிசையில் நின்றிருந்தார். அவர் மனைவி உம்மு லுவை கூடாரத்தைப் பெருக்க வந்தாள். தரையில் அட்டை கிடந்தது. தரையில் கிடக்கிற அட்டை எதற்கு என்பதில் அந்த முகாமில் இரண்டு கருத்து கிடையாது. நாலாக மடித்துத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்புக்கு வந்தாள்.

"நல்ல கெட்டி அட்டையா இருக்கே. எங்க புடிச்ச?" என்றாள் ஃபிர்யால்.

"வீட்லதான் கெடந்துச்சு."

உள்ளே தள்ளினாள். சூட்டில் அட்டை மெல்ல விரிந்தது. கூடாரம் 23, ஆறு பேர் என்ற வரி தெளிவாகத் தெரிந்தது, பிறகு கறுத்தது. ஃபிர்யால் கையை விட்டு இழுத்தாள். இரண்டு விரல் வெந்துபோயிற்று, கையில் வந்தது ஒரு மூலைதான். அதில் கூடாரம் 61 இருந்தது. உம்மு லுவை குனிந்து பார்த்தாள்.

"அவரு கையெழுத்து மாதிரி இருக்கே."

"மாதிரி இல்ல. அதேதான்."

உம்மு லுவை தட்டை நீட்டினாள். "என் ரொட்டி?"

"வெந்துக்கிட்டு இருக்கு."

அபு லுவை இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு வந்து சேர்ந்தபோது அடுப்பைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை ரொட்டி ஆச்சு?"

"பதினொண்ணு" என்றாள் ஃபிர்யால்.

"பத்து மாச வேலை" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். மனைவியைத் திட்டவில்லை. திட்டுவதற்குக் கூட்டம் வழிவிடவில்லை.

நாளைக்கு மாவு லாரி வருகிறது. இன்று பகல் இரண்டு மணிக்கு மாவு தருகிற நிறுவனத்து அதிகாரி வந்து பட்டியலைச் சரிபார்ப்பார். பட்டியல் இல்லாத முகாமுக்கு மாவு இல்லை, அது அடுத்த முகாமுக்குப் போய்விடும். கடைசியாக மாவு வந்து நாற்பது நாள் ஆகிறது. பல கூடாரங்களில் இன்னும் இரண்டு மூன்று நாளைக்குத்தான் தாங்கும்.

"அவங்ககிட்ட ஒரு பிரதி இருக்காதா?" என்று கேட்டார் அபு சுஹைப்.

"பழைய அதிகாரி ஃபோன்ல படம் எடுத்தாரு. ஃபோனும் தொலைஞ்சது, அவரும் மாறிட்டாரு. புது ஆள்கிட்ட மொத்தம் எத்தனைங்கிற நம்பர் மட்டும்தான் இருக்குமாம்."

"அப்ப மறுபடி கேட்டு எழுதுங்க."

"கேட்டா மறுபடி அறுநூத்தி முப்பது வரும். பக்கத்து முகாம்ல கூடுதலா எழுதிக் குடுத்து, மொத்த மாவையும் நிறுத்திட்டாங்க, தெரியுமில்ல?"

ஃபிர்யால் வெந்த விரல்களை மாவில் தோய்த்துக்கொண்டு சொன்னாள். "எத்தனை பேருன்னு நான் சொல்றேன். பேரையும் வயசையும் அவங்கவங்க சொல்லட்டும். எழுதுங்க."

தாள் இல்லை. ஃபிர்யாலின் சின்ன மகள் ரவான் பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த எட்டுப் பக்கங்களைத் தர முதலில் மறுத்தாள். பிறகு இனிமேல் ஒரு வாரம் தண்ணீர் எடுக்கப் போகமாட்டேன் என்ற நிபந்தனையோடு தந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கேனைக் கவிழ்த்துப் போட்டு அபு லுவை உட்கார்ந்தார். ஒருபக்கம் ரொட்டி வெந்தது, ஒருபக்கம் பட்டியல் நடந்தது.

"கூடாரம் பதினேழு" என்றார்.

"ஒம்போது பேரு" என்றாள் உம்மு பஷீர்.

"ஆறு" என்றாள் ஃபிர்யால், அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"நீ ரொட்டியச் சுடு. உன்னை யாரு கேட்டா?"

"ரொட்டிதான் சொல்லுது. உன் தட்டுல ஆறு உருண்டைக்கு மேல நான் பார்த்ததில்ல."

"மூணு பேருக்கு வயிறு சரியில்ல. சாப்பிடறதில்ல."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா சாப்பிடாதவங்க கூடாரத்துல இருக்க மாட்டாங்க, உம்மு பஷீர்."

உம்மு பஷீர் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "தெரியும். நான்தானே அவங்க உடம்புல துணி சுத்தினேன்" என்றாள். "ஆறுன்னே எழுதுங்க."

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஏழு என்று வாயெடுத்தவர்கள் ஃபிர்யாலின் முதுகைப் பார்த்ததும் ஐந்து என்று முடித்தார்கள். ஒருவன் கல்யாணமாகிப் போன இரண்டு தங்கைகளைச் சேர்க்கப் பார்த்தான். அவர்களுடைய மாமியார் தட்டும் இங்கேதான் வருகிறது என்று அவள் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டான். தனியாக இருக்கும் ஹாஜி யாகூப் மட்டும் கணக்கை நேர் எதிராகப் புரட்டினார்.

"ஒருத்தன்" என்றார்.

"ரெண்டு உருண்டை வருதே, ஹாஜி" என்றாள் ஃபிர்யால்.

"ஒண்ணு பூனைக்கு."

முகாமே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் என்று எழுதப்பட்டது.

தன் கூடாரத்தின் முறை வந்தபோது அவர் கேட்கும்வரை ஃபிர்யால் காத்திருக்கவில்லை. "முப்பத்தெட்டு. நாலு பேரு" என்றாள். அபு லுவை ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதினார். அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையாகக்கூட இருந்தது. ஊர் முழுக்கக் கணக்கைச் சுருக்கிவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

ஒன்றரை மணிக்குக் கூட்டிப் பார்த்தார்கள். முந்நூற்று எழுபத்தொன்று. இப்படி ஒரு சுத்தமான பட்டியல் என் கையில் இருந்ததே இல்லை என்றார் அபு லுவை.

அதிகாரி இரண்டு மணிக்குச் சரியாக வந்தார். பெயர் இஹாப், மரியாதைக்கு உஸ்தாத் இஹாப் என்பார்கள், முப்பது வயதிருக்கும். நிறுவனத்தின் உடுப்பு புதிது. காலில் கம்பி வைத்துக் கட்டிய செருப்பு. அவரும் கூடாரத்திலிருந்துதான் வேலைக்கு வருகிறார். மணல் புகாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த டேப்லெட்டைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"முந்நூத்தி எழுபத்தொண்ணா? எங்ககிட்ட நானூத்திப் பன்னிரண்டு இருக்கு."

"அது பழசு, உஸ்தாத். இது ஒவ்வொரு தலையா எண்ணினது" என்றார் அபு லுவை.

"மிச்சம் நாப்பத்தொரு பேரு எங்க?"

எங்கே என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் டேப்லெட்டில் அந்தக் கேள்வி இருந்தது, அதனால் கேட்டார்.

"செத்துட்டாங்க" என்றாள் ஃபிர்யால். "கொஞ்ச பேரு கல்யாணமாகிப் போயிட்டாங்க. ரெண்டு குடும்பத்துல ஆம்பளைங்க வடக்க போயிட்டாங்க."

"செத்தவங்களுக்குச் சான்றிதழ் இருக்கா, மாமி?"

"கொஞ்ச பேருக்கு இருக்கு. மத்தவங்கள எங்களுக்குத் தெரியும்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "மாவு நானூத்திப் பன்னிரண்டு பேருக்குன்னு அனுமதி ஆயிருக்கு. அஞ்சு பேரு வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு ஒரு மூட்டை, அதுக்கு மேல இருந்தா ரெண்டு. பட்டியல் அதுல சேரலைன்னா இது மறுபடி ஆய்வுக்குப் போகும். திரும்பி வர மூணு வாரம் ஆகும். நாளைக்கு லாரி வேற பக்கம் போயிடும்."

"கூடுதலா இருந்தா?" என்று கேட்டார் அபு சுஹைப்.

"கூடுதலா இருந்தா நானே இங்கேயே வெட்டிடுவேன், அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. கொறைஞ்சா பட்டன் இல்ல. இதுவரைக்கும் யாரும் கொறைச்சுக் குடுத்ததில்ல."

"அப்ப உண்மை சொன்னதுக்கு மூணு வாரம் பட்டினி" என்றாள் ஃபிர்யால்.

உஸ்தாத் இஹாப் பட்டியலை மடித்து அபு லுவையின் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "நான் இன்னும் இதைப் பார்க்கல. பக்கத்து முகாம்ல ஒரு வேலை இருக்கு. ஒரு மணி நேரத்துல வர்றேன். பேரும் வயசும் இருக்கணும், சும்மா நம்பர் ஆகாது." கம்பி கட்டிய செருப்பை மணலில் இழுத்துக்கொண்டு போனார்.

முதலில் வந்தவள் உம்மு பஷீர்தான். காலையில் ஒன்பது பேர் என்று சத்தம் போட்டவளுக்கு, இப்போது சொல் என்று எல்லாரும் காத்திருந்தபோது குரல் எழவில்லை. இறந்த மூன்று பேரில் முதல் பேரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள். அபு லுவை எழுதினார். இரண்டாவது பேர், வயது. மூன்றாவது குழந்தை. வயதுக்குப் பதில் மாதக் கணக்கைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நீல விளிம்புத் தட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் வேறொருவர். தங்கைகளைச் சேர்க்கப் பார்த்தவன் அவர்களைச் சேர்த்தான், அவன் குரல் மட்டும்தான் சாதாரணமாக இருந்தது.

ஃபிர்யால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையில் இத்தனை பேரையும் ஒவ்வொருவராக எல்லார் முன்னாலும் வெளியே இழுத்துப் போட்டது தன் வாய்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெருமைப்பட்டதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. ஒரு ரொட்டி கருகியது. பூப்போட்ட தட்டு. தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அதில் வைத்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரிசை தீர்ந்தது. அபு லுவை கூட்டினார். விரலால் வரி வரியாக நகர்த்தி மறுபடி கூட்டினார்.

"நானூத்திப் பதினொண்ணு."

"ஒழுங்கா எண்ணுங்க" என்றது கூட்டம்.

"மூணு தடவ எண்ணிட்டேன். ஒண்ணு கொறையுது."

"என் பூனை இருக்கு" என்றார் ஹாஜி யாகூப்.

இரண்டு பேர் சிரித்தார்கள். தூரத்தில் உஸ்தாத் இஹாப் திரும்பி வருவது தெரிந்தது. யாரை விட்டோம், யாரை விட்டோம் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அபு லுவை மட்டும் யாரையும் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க. ஏதாவது ஒரு பேரைப் போட்டுடறேன்" என்றார்.

அந்தக் குரலில் ஃபிர்யாலுக்குப் புரிந்துவிட்டது.

"அடிச்சிட்டேன்னு சொன்னீங்க."

"அன்னிக்குப் பேனா எழுதல, உம்மு சுஹைப்."

"அப்புறம்?"

"அப்புறமும் எழுதல."

அவள் அவரைத் திட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரும் எதிர்பார்த்தார். ஜூலையிலிருந்து இத்தனை நாளும் மகன் அந்தக் கூடாரக் கம்பத்தில், கூடாரம் 38-இல், அப்பாவுக்கும் தங்கைகளுக்கும் நடுவே உயிரோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறான். காலையில் அவனையும்தான் தன் கையால் அடுப்பில் தள்ளியிருக்கிறாள். தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபு சுஹைப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நமக்கு நாலுன்னாலும் ஒரு மூட்டைதான், அஞ்சுன்னாலும் ஒரு மூட்டைதான். அவன் பேர்ல நாம ஒரு பிடி கூட வாங்கல."

உஸ்தாத் இஹாப் வந்து நின்று பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். "சரியாயிடுச்சா?"

"ஒரு நிமிஷம், உஸ்தாத்" என்றார் அபு லுவை. பேனா காத்திருந்தது. "ஏதாவது ஒரு பேரு..."

"ஏதாவது ஒரு பேரு எதுக்கு?" என்றாள் ஃபிர்யால். "அவன் பேரையே போடுங்க."

அபு லுவை பேரைக் கேட்கவில்லை. முழுப் பேரையும், தகப்பன் பேரோடு, பாட்டன் பேரோடு எழுதினார். வயதையும் கேட்கவில்லை. பத்து மாதம் தன் தலைக்கு மேல் தொங்கிய பட்டியல் அது. பத்தொன்பது என்று எழுதினார்.

ஃபிர்யால் எட்டிப் பார்த்தாள்.

"இருபது" என்றாள். "போன வாரம் இருபது ஆயிடுச்சு."

அபு லுவை பத்தொன்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இருபது என்று எழுதினார்.